எலி இல்லாத எலிப்பாட்டு

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. கரண்ட் போய், இன்வர்ட்டர் முனகிக்கொண்டிருந்தது. டிவி இல்லாத கடுப்பில் இருந்த மகளுக்கு என் போனில் மைக்கேல் ஜாக்சனின் 'பென்' பாட்டைப் போட்டுக் காட்டினேன். அவளுக்குப் பதினொரு வயது. பாடிய பையனுக்கும் அப்போது பதின்மூன்றுதான் என்று சொன்னதும் கொஞ்சம் ஆர்வம் வந்தது. முடிந்ததும் கேட்டாள்: "பென் யாருப்பா? அவனோட ஃப்ரெண்டா?" "எலி" என்றேன். ஒரு படத்தில் வரும் எலி, தனியாக இருக்கும் ஒரு பையன் அதோடு பழகுவான், அந்தப் படத்துக்காக எழுதின பாட்டு என்று விளக்கினேன். நம்பவில்லை. மறுபடி போடச் சொன்னாள். டீச்சர் கூட்டல் விட்ட மார்க்கைத் தேடும் முகத்தோடு, ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். "பொய் சொல்ற. இதுல எலியே இல்ல."

அவள் சொன்னது சரி. இருபத்தைந்து வருஷமாக அந்தப் பாட்டைக் கேட்கிறேன். அது எலியைப் பற்றிய பாட்டு என்பதை எத்தனையோ பேரிடம் பந்தாவாகச் சொல்லியிருக்கிறேன், க்விஸ்ஸில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன். ஆனால் பாட்டில் எலி இல்லை என்பது என் காதில் விழுந்ததே இல்லை. வால் இல்லை, வளை இல்லை, மீசை இல்லை. உலகமே ஒதுக்கும் ஒருத்தனைப் பார்த்து, எனக்கு நீ வேண்டும் என்று இன்னொருத்தன் சொல்கிறான், அவ்வளவுதான். படத்தில் பென் ஆட்களைக் கொல்லும் எலிப்பட்டாளத்தின் தலைவன், அது ஒரு பேய்ப்படம் மாதிரியான சமாச்சாரம் என்பது பாட்டை மட்டும் கேட்பவருக்குத் துளியும் தெரியாது. இப்படி எழுத ஒருத்தர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டுமே, யார் அது என்று அன்றைக்குத்தான் தேடினேன். இசை வால்டர் ஷார்ஃப். எழுதியவர் டான் பிளாக். பெயரை எங்கேயோ பார்த்த ஞாபகம். எங்கே என்று பிடிபட இரண்டு நாள் ஆனது. எங்கள் வீட்டு பால்கனியில் தொங்கிக்கொண்டிருந்தது அந்தப் பெயர்.

புறா விரட்டிய சிடி

2002-ல் லண்டனில் இருந்து வந்த என் சித்தி பையன் ஒரு சிடி கொண்டுவந்தான். 'பாம்பே ட்ரீம்ஸ்'. ரகுமான் இசையில், பெரிய நாடக அரங்குகள் இருக்கும் லண்டன் வெஸ்ட் எண்டில் ஒரு இசை நாடகம் என்றால் அப்போது நமக்கெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குடும்பமே உட்கார்ந்து கேட்டோம். 'முதல்வன்' படத்தின் 'ஷகலக பேபி' வந்தது, அதே மெட்டு, ஆனால் ஆங்கிலத்தில். சிரித்து உருண்டோம். வைரமுத்து எழுதியதையே மனப்பாடமாகப் பாடித் திரிந்த காதுக்கு, அதன்மேல் ஆங்கிலம் உட்கார்ந்தது ஜிப்பாமேல் டை கட்டிய மாதிரி இருந்தது. "யாரோ ஒரு வெள்ளைக்காரரைக் கூப்பிட்டு கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லியிருக்காங்க" என்றேன் நான். அந்த ஜோக்குக்கு நல்ல வரவேற்பு. சில வருஷம் கழித்து சிடி பிளேயர் கெட்டுப்போனதும், புறா வராமல் இருக்க அந்த வட்டத்தைக் கயிற்றில் கட்டி பால்கனியில் மாட்டிவிட்டோம். உறை மட்டும் புத்தக அலமாரியில் தங்கிவிட்டது. அதில் பொடி எழுத்தில்: பாடல் வரிகள், டான் பிளாக்.

கோடிட்ட இடம் என்பது வெறும் ஜோக்கும் இல்லை, என் கட்சியே அதுதான். பாட்டுக்கு மெட்டா, மெட்டுக்குப் பாட்டா என்று டீக்கடையில் பேச்சு வந்தால் நான் எப்போதும் முதல் கட்சி. கவிதை முதலில் வர வேண்டும், இசை அதன் பின்னால் நடக்க வேண்டும். இசையமைப்பாளர் கொடுக்கும் தத்தகாரத்துக்குள் சொல்லைத் திணிப்பது தையல் வேலை, அளவெடுத்த சட்டைக்குப் பட்டன் வைப்பது. இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் கண்ணதாசன் பெயரை எடுப்பார், நான் "அவர் விதிவிலக்கு" என்பேன், அத்தோடு டீ தீர்ந்துவிடும். டான் பிளாக்கின் பட்டியலைப் பார்க்கப் பார்க்க இந்தக் கட்சி ஆட்டம் கண்டது. ஜேம்ஸ் பாண்ட் படங்கள் ஐந்தில் அவர் பாட்டு. ஆசிரியர் தினம் வந்தால் நம்மூர் ஆங்கிலப் பள்ளிகளில் கண்கலங்கப் பாடுகிறார்களே, 'டு சார் வித் லவ்', அது அவருடையது. ஆண்ட்ரூ லாயிட் வெபர் என்ற பிரிட்டிஷ் இசையமைப்பாளரோடு மேடை நாடகங்கள். நடுவில் எலி. எல்லாவற்றையும் எழுதியது ஒரே ஆள் என்பதுதான் எனக்கு உறைக்கவே மாட்டேன் என்றது. ஒரு கையெழுத்து, ஒரு பாணி என்று எதையும் பிடிக்க முடியவில்லை.

டென்மார்க் தெருவில் இருந்து

பிறந்தது 1938 ஜூன் 21, லண்டனின் கிழக்கே ஹாக்னியில். ரஷ்ய யூதக் குடியேறிகளின் ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பாவுக்குத் தைத்த துணிகளுக்கு இஸ்திரி போடும் வேலை. (தையல் வேலை என்று நான் நக்கலடித்துக்கொண்டிருந்தது வேறு நினைவுக்கு வந்தது.) கொஞ்ச காலம் மேடையில் ஜோக் சொல்லிப் பிழைக்கப் பார்த்தார், அது எடுபடவில்லை. லண்டனில் டென்மார்க் தெரு என்று ஒரு குட்டித் தெரு, பாட்டு வெளியிடும் கம்பெனிகள் வரிசையாக உட்கார்ந்திருந்த இடம். அங்கே வேலை. புதுப் பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு பாடகர்களிடமும் ரேடியோக்காரர்களிடமும் போய், "இதைக் கொஞ்சம் கேளுங்களேன்" என்று வாசல் வாசலாக நிற்க வேண்டும். அப்படிப் பழகியவர்தான் மேட் மன்ரோ. லண்டனில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்து பாடகரானவர். அவருக்கு மேனேஜரானார் பிளாக்.

ஐரோப்பிய நாடுகள் மோதும் பாட்டுப் போட்டியான யூரோவிஷன் 1964-ல் கோபன்ஹேகனில் நடந்தது. பிரிட்டன் சார்பில் மன்ரோ பாடி இரண்டாவதாக வந்தார். ஆஸ்திரியா சார்பில் உடோ யூர்கென்ஸ் ஒரு ஜெர்மன் பாட்டு பாடினார், பரிசு இல்லை. ஆனால் போட்டிக்குப் போன இடத்தில் மன்ரோவின் மனதில் தங்கியது எதிராளியின் மெட்டு. அதற்கு இங்கிலீஷில் எழுதச் சொல்லி மேனேஜரிடமே கேட்டார். 'வாக் அவே' என்று எழுதிக் கொடுத்தார் பிளாக், பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. மொழி தெரியாத பாட்டின்மேல் தன் சொற்களை வைப்பது, 'ஷகலக பேபி'க்கு 38 வருஷம் முன்னாலேயே அவர் செய்து பார்த்த வேலை.

இரண்டு வருஷம் கழித்து 'பார்ன் ஃப்ரீ'. கென்யாவில் எல்சா என்ற சிங்கக்குட்டியை வளர்த்துக் காட்டுக்கே திருப்பி அனுப்பிய ஆடம்சன் தம்பதியின் கதை. இசை ஜான் பாரி, வரிகள் பிளாக், குரல் மன்ரோ. இந்தப் பாட்டைப் போனில் போட்டுக்கொண்டு, மகள் செய்த மாதிரியே சிங்கத்தைத் தேடினேன். இல்லை! காற்று இருக்கிறது, புல் இருக்கிறது, அலை இருக்கிறது, தடுக்க மதில் இல்லாத ஒரு வாழ்க்கை இருக்கிறது. பிடரி, பாதம், வால் எதுவும் கிடையாது. தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே அசை. முதல் அசை மூக்கில் முட்டி நிற்கிறது, இரண்டாவதில் வாய் திறந்து 'ஈ' என்று பாடகர் மூச்சு உள்ள வரை நீட்டலாம். கட்டிப்போட்டது ஒன்று, அவிழ்த்துவிட்டது ஒன்று. பொருளைச் சொல் சொல்வதற்கு முன்னால் வாயே சொல்லிவிடுகிறது. கோடிட்ட இடத்தை நிரப்புகிறவன் யோசிக்கிற யோசனை இல்லை இது.

படத் தயாரிப்புத் தரப்புக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. விலைபோகாது என்று நினைத்தார்கள். 1966-ல் லண்டனில் ராஜ குடும்பத்தினர் வந்திருந்த முதல் காட்சியில் படம் ஓடுகிறது, பாட்டு வெட்டப்பட்டிருக்கிறது. பாடியவரும் எழுதியவரும் அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு போய், தன் பாட்டு வராமலேயே விளக்கு போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும்? அப்புறம் சண்டை போட்டுப் பாட்டைத் திரும்ப சேர்க்க வைத்தார்கள். அமெரிக்காவில் ரோஜர் வில்லியம்ஸ் என்ற பியானோக்காரர் அதே மெட்டை வாசித்து ஹிட் ஆக்கியதும் உதவியது. 1967 ஏப்ரலில் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர், அதே பாட்டுக்கு. பிளாக்குக்கு வயது 28.

நான் எழுதிய ஒரே பாட்டு

இங்கே என் வீரப் பிரதாபத்தையும் சொல்லிவிட வேண்டும். சில வருஷம் முன்பு அலுவலகத்தில் ஒரு சீனியர் ஓய்வு பெற்றார். எங்களில் கீபோர்டு வாசிக்கும் ஒருத்தர் மெட்டு போட்டார், வரிகள் நான். மெட்டுக்கு எழுத மாட்டேன் என்ற கொள்கையெல்லாம் பறந்துவிட்டது. சேர்ந்த வருஷம், முதல் கிளை, மாற்றலான ஊர்கள், அவருடைய பச்சை நிற ஸ்கூட்டர், பிள்ளைகளின் படிப்பு என்று எதையும் விடவில்லை. ஒரு சரணத்தில் ஸ்கூட்டரின் நம்பரே வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், அவரும் சிரித்தார். பல மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, "சார், உங்க பாட்டை இன்னும் பாடிட்டிருக்கேன்" என்று ஒரு வரியை முணுமுணுத்தார். 'நாற்காலி காலி, நாளைக்கு யாரோ' என்ற வரி. எந்தத் தகவலும் கிடைக்காமல், மெட்டில் இடம் மிச்சமிருக்கிறதே என்று கடைசி நிமிஷத்தில் போட்டு அடைத்தது. எனக்கு அன்றைக்கு லேசான வருத்தம்கூட. அத்தனை தகவல் சேகரித்தேனே! ஸ்கூட்டர் ஒருத்தருக்குத்தான் சொந்தம், காலி நாற்காலி அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் சொந்தம் என்பது எலி கிடைத்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

'டு சார் வித் லவ்' 1967. கிழக்கு லண்டன் பள்ளி, கறுப்பின ஆசிரியராக சிட்னி பாய்ட்டியர், முரட்டு மாணவர்கள். பாட்டில் நிறவெறி பேசப்படவில்லை, கிழக்கு லண்டன் இல்லை. ஒரு பெண் கிரேயானில் இருந்து சென்ட்டுக்கு வந்துவிட்டாள், அந்த வழியில் கூட வந்தவருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறாள். கிரேயான், சென்ட். இரண்டு பொருளுக்கு நடுவில் பத்து வருஷம். லூலூ பாடிய அந்தப் பாட்டு பிரிட்டனில் ரெக்கார்டின் பின்பக்கத்தில் போடப்பட்டுக் கவனிப்பாரற்றுப் போனது, அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பள்ளியும் அந்தத் தெருவும் பாட்டில் இல்லாததால்தான் நம்மூர் பிளஸ் டூ பிள்ளைகள் அதைத் தயக்கமில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். பெயரே படத்தின் பெயர்தான் வேண்டும், துப்பாக்கியும் வேண்டும் என்று கட்டாயம் வந்த இடங்களில் இதே ஆள் தடுமாறியும் இருக்கிறார். 'தி மேன் வித் த கோல்டன் கன்' பாட்டைக் கேட்டுப் பாருங்கள், பாண்ட் ரசிகர்கள் மன்னிக்கவும், சினிமா போஸ்டரை உரக்கப் படித்த மாதிரி இருக்கும். 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' வேறு ரகம். வரிகளில் இரட்டை அர்த்தம் இருக்கிறது என்று தயாரிப்பாளர் ஹாரி சால்ட்ஸ்மன் கொதித்தார். இருந்தது உண்மைதான், அதனால்தான் பாட்டு பிழைத்தது.

சிம்பன்சி வந்த இடம்

சரி, விட்டுவிடுவதுதான் இவர் வித்தை என்று முடிவுகட்டி, நண்பர்களிடம் பேசவும் ஆரம்பித்துவிட்டேன். மேடைப் பாட்டுகளைக் கேட்க உட்கார்ந்ததும் அதுவும் கவிழ்ந்தது. மேடையில் அவர் முதல் முயற்சி 1971-ல், எலிப்பாட்டுக்கு இசையமைத்த அதே வால்டர் ஷார்ஃபோடு. நாயகனுக்குப் படுக்கையில் அவசரப்படும் பிரச்சினை, அதைப் பற்றி ஒரு இசை நாடகம். நாடகமும் அவசரமாகவே முடிந்துபோனது. 1974-ல் ஜான் பாரியோடு 'பில்லி' பெரிய வெற்றி. அப்புறம் லாயிட் வெபர் வந்தார். அவர் மெட்டை முதலில் போட்டுவிட்டு எழுதக் கூப்பிடும் ஆள்.

அவர்கள் சேர்ந்து செய்த 'டெல் மி ஆன் எ சண்டே' முழுக்க ஒரே ஒரு பெண் பாடுவது. லண்டனில் இருந்து நியூயார்க் போய் வரிசையாகக் காதலில் தோற்கிறாள். 1980-ல் மார்ட்டி வெப் பிபிசியில் பாடியது. தலைப்புப் பாட்டில் அவள் கேட்பது ஒன்றே ஒன்று: என்னை விட்டுப் போவதென்றால் கடிதம் எழுதாதே, நடுராத்திரி எங்கிருந்தோ போன் பண்ணாதே, ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல். மரம் இருக்கிற பூங்காவுக்குக் கூட்டிப்போ. சர்க்கஸுக்குக் கூட்டிப்போ. சிம்பன்சி இருக்கிற மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போ. ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்' என்ற கெஞ்சலுக்கு 'சிம்பன்சீஸ்' இயைபு. முதல் தடவை கேட்டபோது சிரிப்பு வந்தது, இரண்டாவது தடவை தொண்டை அடைத்தது. அழாமல் இருக்க ஜோக்கடிக்கும் பெண்ணின் வாயில் இருந்து அந்தக் குரங்கு மட்டும்தான் வர முடியும். மேடையில் எடுபடாத காமெடியன் இத்தனை வருஷம் கழித்து எங்கே போய் உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள். சிங்கத்தையும் எலியையும் பாட்டில் இருந்து விரட்டியவர், இங்கே சிம்பன்சியைத் தேடிப்பிடித்து உள்ளே விட்டிருக்கிறார்.

ரேடியோவில் வரும் பாட்டு யாருடைய வீட்டுக்குள்ளும் போக வேண்டும். மேடையில் வரும் பாட்டு, அந்த நிமிஷத்தில் அங்கே நிற்கிற ஒருத்தியை விட்டு இம்மிகூட நகரக் கூடாது. ஒரே மனிதர் இரண்டையும் எழுதுவதென்றால் கையைத் தலைகீழாகப் பழக்க வேண்டும். 1993-ல் கிறிஸ்டோபர் ஹாம்ப்டனோடு சேர்ந்து எழுதிய 'சன்செட் புலவார்டு' நாடகத்தில் இரண்டும் ஒரே பாட்டில் நடக்கிறது. ஊமைப்பட காலத்து நட்சத்திரம் நார்மா டெஸ்மண்ட், எத்தனையோ வருஷம் கழித்து ஸ்டூடியோவுக்குள் நுழைகிறாள். ஏன் பயமாக இருக்கிறது, இந்த இடம் எனக்குப் பழகியதுதானே என்று ஆரம்பிக்கிறாள். அட்டையில் வெட்டிய மரம், பெயின்ட் அடித்த கடல் என்று கண்ணில் படுவதெல்லாம் அவளுக்கு மட்டுமே வீடாகத் தெரியும் பொருட்கள். ஆனால் அவள் வந்து சேரும் தலைப்பு வரி, நாம் விடைபெற்றதே இல்லை போல என்பது, யாரும் யாருக்கும் சொல்லலாம். அந்த வரி 'பை' என்று திறந்த வாயோடு முடிகிறது. இதற்காக 1995-ல் அமெரிக்க மேடை நாடகங்களுக்கான டோனி விருது கிடைத்தது. அந்த வருஷம் அந்தப் பிரிவில் வேறு போட்டியே இல்லை, அன்னபோஸ்ட்.

அந்தக் காதோடு பால்கனி சிடியை இறக்கினேன். கீறல் விழுந்து கண்ணாடிபோல் ஆகியிருந்தது, எந்தக் கருவியும் அதை ஏற்கவில்லை. இணையத்தில்தான் கேட்டேன். நாடகம் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் 2002 ஜூன் 19 அன்று தொடங்கியது, பிளாக்குக்கு 64 வயது முடிய இரண்டு நாள் இருந்தது. 'ஷகலக பேபி'யில் 'ஷகலக'வை அவர் தொடவே இல்லை. தமிழிலும் அர்த்தமில்லாத, எந்த மொழியிலும் அர்த்தமில்லாத அந்தச் சொல்தான் பாட்டின் இடுப்பு என்று தெரிந்து, அதை அப்படியே விட்டுச் சுற்றிலும் எழுதியிருக்கிறார். மற்ற வரிகள் பிரமாதம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன், ஜிப்பாவும் டையும் இன்னும் தெரிகிறது. ஆனால் 'தி ஜர்னி ஹோம்' என்ற பாட்டில் நான் நின்றுவிட்டேன். சேரியில் இருந்து சினிமாவுக்குப் போனவன் பாடுவது. பம்பாய் என்ற சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. அதற்குள் எனக்குத் தேடுவது கைவந்துவிட்டது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னேன். ஆர்வமாக, கொஞ்சம் பெருமையாகவே. சிங்கம் இல்லாத சிங்கப்பாட்டு, எலி இல்லாத எலிப்பாட்டு, எலியை வெளியே வைத்ததால்தான் பாட்டு 1972-ல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போய், ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் வந்தது, இல்லையென்றால் யார் கேட்டிருப்பார்கள் என்று முடித்தேன். தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டவள், "பாவம்ப்பா பென்" என்றாள்.

"ஏன்?"

"எல்லாரும் உன்னை வேண்டாம்னு துரத்துறாங்க, நான் துரத்த மாட்டேன்னுதானே பாட்டு? எலின்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு அவரே துரத்திட்டாரே."

சட்னி கேட்டாள். எழுந்து போய் எடுத்து வந்தேன். வரும் வழியில் பதில் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். அதற்குள் அவள் அந்தப் பாட்டை மறுபடி போட்டுவிட்டிருந்தாள்.